பஸ்ஸிடம் தோற்றது எந்த இன்ஜின்

என் அக்கா வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்தது ஐப்பசியில். கார்த்திகையில் வீடு திரும்பினார். மார்கழி முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்வார், மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினால் ராஜகிரி மலை வரை கேட்கும் என்று நாங்கள் கேலி செய்த மனிதர் அவர். பொங்கல் கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை காலையில் தானாக எழுந்து போய்ப் பின்பக்கக் கொட்டகையின் பூட்டைத் திறந்தார். அக்கா உடனே எனக்குப் போன் செய்தாள்.

"டேய், உங்க மாமா கார் மேல இருந்த சாக்கையெல்லாம் எடுத்துக் கீழ போடறாருடா."

"தடுக்காதக்கா."

"யாரு தடுத்தா? காபி எடுத்துக்கினு போய்க் குடுத்துட்டு வந்தேன். வாங்கிக் குடிச்சாரு. சக்கர கம்மின்னு திட்டனாரு."

திட்டினார் என்பதை அவள் இரண்டு தடவை சொன்னாள். நான் அந்தச் செவ்வாய்க்கிழமையை அன்றே எழுதி வைத்தேன். தபால் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் முத்திரை குத்தியவன்; எதற்கும் தேதி போடாமல் இருக்க எனக்குத் தெரியாது.

கொட்டகையில் இருந்தது இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேற்கூரை இல்லாத, பச்சை நிற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். மாமா நைனா என்று சொல்லும் அவருடைய அப்பா, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை வியாபாரம் செய்தவர். பாண்டிச்சேரியில் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு டாக்டரிடமிருந்து அதை வாங்கினார். மாட்டு வண்டிகளும் லாரிகளும் நின்ற களத்தில் அந்தக் கார் எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது. பிடித்திருந்தது, வாங்கிவிட்டார்.

மாமாவுக்கு அந்தக் கார் மேல் பாசமும் உண்டு, தீராத வருத்தமும் உண்டு. கல்யாணமான புதிதில் அக்காவை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனபோது, வழியில் ஒரு சிறு ஏற்றத்தில் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போய்விட்டது. பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் புதுப்பெண்ணுக்குக் கை ஆட்டினார்கள். அக்கா பதிலுக்குக் கை ஆட்டினாள். அதைத்தான் மாமாவால் மன்னிக்க முடியவில்லை. நாற்பது வருஷம் கழித்தும் எங்கள் வீட்டு விசேஷங்களில் அந்த பஸ் வராத பேச்சு இல்லை.

"இந்தத் தடவை வண்டிய ரெடி பண்ணி அந்த ஏத்தத்துல ஒருதரம் ஓட்டணும் மச்சான்" என்றார், நான் போய் நின்றதும். "அது ஒண்ணுதான் பாக்கி."

அது ஒன்றுதான் பாக்கி என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் நின்றுகொண்டு பேசினார். அது போதும் என்றிருந்தது.

திண்டிவனம் சாலையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் வந்து பார்த்தார். மாமாவின் லாரிகளுக்கெல்லாம் வேலை செய்தவர். இன்ஜினை இறக்கி, மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, நான்கு சிலிண்டர்களும் தேய்ந்து ஓவலாகிவிட்டன, கடைந்து பெரிதாக்கி, அதாவது போர் போட்டு, பெரிய பிஸ்டன் போட்டால்தான் ஓடும் என்றார். பிஸ்டன் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். இன்ஜின் எந்த வகை, எந்தக் காலத்தது என்று தெரியாமல் ஆர்டர் கொடுக்க முடியாது. சிலிண்டரின் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிறது. சுவரின் கனம் வகைக்கு வகை மாறும். தெரியாமல் கடைந்தால் சுவர் ஓட்டையாகிவிடும், அப்புறம் சிலிண்டர்கள் இருக்கும் அந்த இரும்பு பிளாக் எடைக்குத்தான் போகும்.

"மத்த எடத்துல போர் போட்டா தண்ணி வரணும்னு தேங்கா ஒடைப்பாங்க. நம்ம தொழில்ல தண்ணி வந்துட்டா தலையில துண்டுதான் சார்" என்றார் பட்டறைக்காரர்.

இன்ஜினை அடையாளம் காணும் வேலை எனக்கு வந்தது. "நீதான் சீயமங்கலம் குகைக்குப் போனா எந்தத் தூணு முன்னாடி செதுக்குனது, எந்தத் தூணு பின்னாடி செதுக்குனதுன்னு சொல்றவனாச்சே. இத சொல்லு பாக்கலாம்" என்றார் மாமா.

இன்ஜின் எண் இருக்கவேண்டிய சின்னத் தகடு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. ஆர்.சி. புத்தகத்தில் எண் இருந்தும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. ஆனால் வார்ப்பு இரும்பில் வேறு அடையாளங்கள் இருக்கும் என்று படித்திருந்தேன். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷுமாக ஒரு வாரம் உட்கார்ந்தேன். டைனமோ மாட்டும் இடத்துக்குப் பின்னால், எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாகிப் போன ஓரிடத்தில், வார்க்கும்போதே அச்சில் பதித்த மாதமும் ஆண்டும் புடைப்பாகத் தெரிந்தன.

எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. கல்வெட்டில் ஆண்டு கிடைத்தால் வருகிற சந்தோஷம். அந்த ஆண்டை எழுதிவிட்டு ஆர்.சி. புத்தகத்தில் கார் பதிவான ஆண்டைப் பார்த்தேன். இன்ஜின் காரைவிட இளையது. கார் ரோட்டில் ஓட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆன பிறகுதான் இந்த இரும்பையே உருக்கியிருக்கிறார்கள். மறுபடி துடைத்துப் பார்த்தேன். என் கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். மாற்றமில்லை. பிளாக்கின் மற்ற குறிகளையும் வைத்துப் பார்த்தபோது சந்தேகமே இல்லாமல் போயிற்று: அது நம் நாட்டில் டாக்ஸியாக ஓடிய காரின் இன்ஜின். ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும் அதுவும் ஒரே குடும்பம், ஒரே உருவம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

சொல்லலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். டாக்ஸி இன்ஜின் என்று தெரிந்தே அதற்கு ஏற்ற பிஸ்டன் வாங்கிப் போட்டு ஓட்டினால் மாமாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் ஓட்ட நினைத்தது நைனாவின் காரை. அதனால் சொன்னேன்.

மாமா கையிலிருந்த ஸ்பேனரை எண்ணெய்த் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தார். உள்ளே போய்ப் படுத்தார், சுவர்ப்பக்கம் திரும்பி.

அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "உன் தேதிய நீயே வச்சிக்கினு இருக்கக் கூடாதா? மூணு மாசமா வாயத் தொறக்காத மனுசன் இப்பத்தான் என்னத் திட்ட ஆரம்பிச்சாரு. கெடுத்துட்டியேடா."

அவள் கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் மாமாவே போன் செய்தார். "மச்சான், டாக்ஸி இன்ஜின்னு சொன்னியே. டாக்ஸி இன்ஜின் ஒண்ணு நம்ம கெணத்தாண்ட இருக்குதே."

அவர் வீட்டில் சொல்லிவந்த கதை இது: பெரிய பஞ்சம் வந்த வருஷம், கரண்டும் ஒழுங்காக வராத காலத்தில், நைனா ஒரு பழைய டாக்ஸி இன்ஜினை வாங்கி அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள தன் நிலத்துக் கிணற்றில் பொருத்தித் தண்ணீர் இறைத்தார். மாமா அப்போது வடக்கே வேலையில் இருந்தார். அந்த இன்ஜின் ஓடிப் பார்த்ததில்லை. பிறகு கரண்ட் மோட்டார் வந்துவிட்டது. இன்ஜின் மோட்டார் கொட்டாயிலேயே கிடந்தது.

"டாக்ஸி இன்ஜின் கார்ல இருக்குதுன்னா, கெணத்தாண்ட இருக்கறது இன்னாது?" என்றார் மாமா. குரலில் பழைய சத்தம் பாதி வந்திருந்தது.

அன்றே போனோம். அந்த நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்பவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள். அவர் மாமியார் காலத்திலிருந்து அந்த நிலத்தில்தான் பாடுபடுகிறார்கள். மோட்டார் கொட்டாயைத் திறந்துவிட்டார். சிமெண்டு மேடை மேல் ஒரு பச்சைக் கட்டி நின்றது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மீந்த பெயிண்ட் எதுவோ அதை அடித்திருக்கிறார்கள். மேலே பச்சை, அது உரிந்த இடத்தில் நீலம், அதற்கும் கீழே மஞ்சள். பக்கவாட்டில் ஓரிடத்தில் மட்டும் சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பி உள்ளங்கை அளவுக்கு மேடாகியிருந்தது.

"இங்க மட்டும் ஏம்மா இவ்ளோ பொட்டு?" என்று கேட்டேன்.

"அங்கதான் சார் நெத்தியாட்டம் தட்டையா இருக்குது. மத்த எடத்துல வச்சா நிக்கறதில்ல."

மாமா சாவியால் அந்தச் சந்தனத்தைச் சுரண்டப் போனார். அந்த அம்மாள் அவர் கையைத் தடுத்துவிட்டார். "இருண்ணா, இரும்பால கீறாத." தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, ஊறவைத்து, புடவைத் தலைப்பால் துடைத்தார். கரைந்த குங்குமம் மேடையில் ஓடியது. உள்ளே பித்தளைத் தகடு. களிம்பு இல்லை; சந்தனப் பூச்சு பெயிண்டைக்கூட அண்டவிடவில்லை. நான் ஆர்.சி. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தேன். மாமா தகட்டில் விரலை வைத்துக்கொண்டு "ம்", "ம்" என்றார். கடைசி எண்ணும் பொருந்தியது. மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பயந்துபோய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க நைனா இன்னா வேல பண்ணிருக்காரு பாரு மச்சான். நல்ல இன்ஜினத் தூக்கிப் பயிருக்குக் குடுத்துட்டு, நொண்டி இன்ஜின வாங்கி வண்டியில போட்டிருக்காரு. கேட்டா கத மாத்திச் சொல்லிட்டாரு."

"பயிரு காயறப்ப வண்டி இன்னாத்துக்குண்ணா?" என்றார் அந்த அம்மாள்.

இன்னும் ஒரு கவலை இருந்தது. இத்தனை வருஷம் நின்ற இன்ஜின் உள்ளே இறுகிப் போயிருக்கும். மாமா எழுந்து முன்பக்க உருளையைப் பிடித்து இழுக்கப் போனார். அவர் நெஞ்சு நினைவு வந்து, தடுத்துவிட்டு நானே உருளையைப் பிடித்து இழுத்தேன். பெரிய முயற்சியே இல்லாமல் சுற்றியது.

"சுத்தும் சார்" என்றார் அந்த அம்மாள். "சாமி கும்பிட்ட மறுநாளு ஒவ்வொரு சாமானும் ஒருவாட்டியாவது வேல செய்யணும் இல்ல? கலப்பையால நாலு கோடு கீறுவோம். மோட்டாருக்கு சுச்சு போடுவோம். இதுக்கு இன்னா பண்றது? மேல ஓட்டையில மல்லாட்ட எண்ண ஊத்தி நாலு சுத்து சுத்தி உட்ருவோம். எங்க மாமியாரு சொன்னது."

விஜயதசமிக்கு விஜயதசமி சுற்றிவிட்ட அந்த நாலு சுற்றுதான் இன்ஜினைக் காப்பாற்றியிருந்தது. மேலே சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் பிளக்குகளில் நான்காவது மட்டும் எப்போதோ காணாமல் போய், அந்த ஓட்டையில் துணி அடைத்திருந்தார்கள். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்ஜினை மேடையிலிருந்து கழற்றியபோது அடியில் ஈர சிமெண்டில் ஆணியால் கீறிய ஓர் ஆண்டு தெரிந்தது. வழக்கம்போல அதையும் குறித்துக்கொண்டேன்.

வண்டியில் ஏற்றும்போது அந்த அம்மாள் கேட்டார்: "எடுத்துக்கினு போயிட்டா நாங்க பூச போட இன்னாத்த வைக்கிறது?"

"வேற ஒண்ணு தரேன்" என்றார் மாமா. "இத விட இளசு."

சித்திரையில் பட்டறையில் ஹெட்டைத் திறந்தோம். மூன்று சிலிண்டர்கள் நன்றாக இருந்தன. நான்காவதில், துணி அடைத்த ஓட்டை வழியாக மழைச்சாரல் இறங்கி, சுவரில் துரு குழி பறித்திருந்தது. கடைந்தே ஆகவேண்டும். இதன் வார்ப்பு ஆண்டு டாக்ஸி இன்ஜினுக்கு முந்தியது. அந்தக் காலத்து பிளாக்குகளில் சுவர் மெல்லியது என்று நான் படித்ததைச் சொன்னேன். பட்டறைக்காரர் தலையாட்டினார். பிஸ்டன் ஒன்றைவிட ஒன்று பெரிதாக நான்கு அளவில் கிடைக்கும். முதல் அளவு போதும், மிஞ்சினால் இரண்டாவது, அதற்கு மேல் தான் கை வைக்கமாட்டேன் என்றார்.

மாமா கேட்கவில்லை. "கடைசி அளவு போடு. இன்ஜின் பெருசாவணும். சும்மா ரிப்பேர் பண்ணி எடுத்துக்கினு போறதுக்கு நான் வரல."

"சுவரு போச்சுன்னா போச்சுண்ணே. இது ஒண்ணுதான் இருக்குது."

"போனா போவட்டும். அந்த பஸ்காரன் ஹாரன் அடிச்சிக்கினு போனானே, அந்த இன்ஜின அப்படியே மாட்டிக்கினு மறுபடி அந்த ஏத்தத்துக்குப் போவச் சொல்றியா? அதுக்கு நான் படுத்துக்கினே இருக்கலாம்."

கடைசி வாக்கியத்தை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். அக்கா வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏதாவது சொல்லவேண்டுமே என்று நான் தவித்தேன். அப்போதுதான், "அந்த இன்ஜினை" என்று அவர் சொன்ன சொல் காதில் நின்றது.

"மாமா, எந்த இன்ஜின?"

"இன்னா எந்த இன்ஜின? இதத்தான்."

"மேடை சிமெண்டுல கீறியிருந்த வருஷம் உங்க கல்யாணத்துக்கு முந்தின வருஷம். அந்த வருஷத்துலருந்து இது கெணத்தாண்டதான் நின்னுது. நீங்க அக்காவக் கூட்டிக்கினு திருவண்ணாமலைக்குப் போனப்ப வண்டியில இருந்தது டாக்ஸி இன்ஜின். பஸ்கிட்ட தோத்தது அது. இது தோக்கவே இல்ல. இது அன்னைக்குக் கெணத்துல தண்ணி எறச்சிக்கினு இருந்துது."

பட்டறையில் லேத் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் கை நீட்டி அதை நிறுத்தினார். மாமா பிளாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவா?"

"எழுதி வச்சிருக்கேன்."

"இவன் எழுதி வச்சா அது சரியாதான் இருக்கும்" என்றாள் அக்கா வாசலிலிருந்து. மாசியில் என்னைத் திட்டியவள்தான்.

மாமா பட்டறைக்காரரிடம் திரும்பினார். "முதல் அளவே போடுப்பா. தோக்காத இன்ஜின எதுக்குப் போட்டுக் கடையறது?"

முதல் அளவுக்குக் கடைந்ததில் மூன்று சிலிண்டர்கள் கண்ணாடி போலாயின. நான்காவதில் மிளகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி மிஞ்சியது. நான்கும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஆகவே நான்கையும் இரண்டாவது அளவுக்குப் பெரிதாக்கவேண்டி வந்தது. பட்டறைக்காரர் சாமி படத்துக்கு ஒருமுறை கும்பிடு போட்டுவிட்டு மெஷினை ஓட்டினார். புள்ளி போயிற்று. ஆனால் அந்த இடத்தில் சுவர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வெளியே இருந்து யாராலும் பார்க்க முடியாது. பிளாக்கின் துளைகளை அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும். ஈரம் கசிந்தால் தெரிவதற்காகச் சிலிண்டர் சுவரில் சாக்பீஸ் தூள் தடவுவார்களாம். அன்றைக்குச் சாக்பீஸ் தீர்ந்துபோயிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் கிண்ணத்தில் இருந்த திருநீற்றை எடுத்து நான்கு சிலிண்டர்களிலும் பூசினார்.

பட்டறைக்காரர் அரை மணி நேரமாவது ஆகட்டும் என்றார். டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. மாமா நான்காவது சிலிண்டருக்குள் டார்ச் அடித்துக் குனிந்தபடியே இருந்தார். திருநீறு நனைந்தால் கறுக்கும். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அது உள்ளே சொட்டிவிடப்போகிறதே என்று அக்கா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"எம்மாந்நேரம்தான் பாப்பீங்க? நிமிருங்க."

"இரு."

"இன்னா தெரியுது?"

"வெள்ளையா இருக்குது."

பட்டறைக்காரர் விரலை விட்டுத் தடவி எடுத்துக் காட்டினார். உலர்ந்த திருநீறு. அதை அப்படியே மாமாவின் நெற்றியில் இட்டுவிட்டார். ஆறிப்போன டீயை எல்லோரும் குடித்தோம். இத்தனை நல்ல டீயை நான் குடித்ததில்லை என்று அன்றிரவு எழுதியிருக்கிறேன்.

ஆடியில் இன்ஜின் காரில் ஏறியது. முதல் நாள் புகையாகக் கக்கியது, இரண்டாம் நாள் சுத்தமாக ஓடியது. புரட்டாசி வரை ஊருக்குள்ளேயே ஓட்டிப் பழக்கினார். அதற்குள் டாக்ஸி இன்ஜினுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, கிணற்றுக் கொட்டாயில் அதே சிமெண்டு மேடையில் ஏற்றிவிட்டோம்.

விஜயதசமியன்று மாமா அக்காவை உட்காரவைத்துக்கொண்டு திருவண்ணாமலைச் சாலையில் அந்த ஏற்றம் வரை போனார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். ஏற்றத்தின் அடிவாரத்தில் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. மாமா கையை வெளியே நீட்டி, போ என்று வழிவிட்டார். பஸ் போயிற்று. அக்கா கை ஆட்டினாள். கார் பிறகு நிதானமாக, சத்தம் மாறாமல் மேலே ஏறியது. உச்சியில் கார் நின்றதும் கேட்டேன், பஸ்ஸை ஏன் முந்த விட்டீர்கள் என்று.

"பாவம், அவனுக்கு டைம் கணக்கு இருக்குது. நமக்கு இன்னா அவசரம்?" என்றார்.

திரும்பும்போது கிணற்றுக்குப் போனோம். குத்தகைக்கார அம்மாள் மல்லாட்டை எண்ணெயும் குங்குமமும் தயாராக வைத்திருந்தார். "இதுல தட்டையா எடமே இல்லண்ணா, எங்க வைக்கிறது?" என்றார். தகடு இல்லாத அந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகளை மாமா காட்டினார். எண்ணெய் ஊற்றி இன்ஜினை நாலு சுற்று சுற்றினார்கள்.

"பஸ்கிட்ட தோத்தது இதானே?" என்றாள் அக்கா.

"இதான்" என்றார் மாமா.

அக்கா குங்குமக் கிண்ணத்தை வாங்கி இன்னொரு பொட்டு வைத்தாள். "அது பாட்டுக்கு ஓடுச்சி. என்னத் திருவண்ணாமலைக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டாந்து சேத்துச்சி இல்ல."